டேப்பில் ஏறாத குரல்

அந்தத் தொண்டை மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையில் மட்டும்தான் இருந்தது. எல்லோர் வாயிலும் அவள் டேப்பக்கா. வயது இருபத்தொன்பதுதான். ஐம்பதைத் தாண்டிய வாட்ச்மேன்கூட, "என்ன டேப்பக்கா, இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றுதான் கேட்பார்.

சலவைத் துணி அடுக்கும் அறைக்கு அடுத்த அறை அவளுடையது. அதில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் பழைய சர்வர் ஒன்று, அதன் தலையில் டேப் டிரைவ், ஒரு நாற்காலி, ஓர் இரும்பு அலமாரி. ஏழு வருடமாக, தினமும் மாலை நான்கு மணிக்கு, உள்ளங்கையளவு டேப் ஒன்றை டிரைவின் வாயில் வைத்துத் தள்ளுவாள். அது விழுங்கிக்கொண்டு கர்ரென்று உறுமும். சர்வரில் இருக்கும் எல்லாமும், நோயாளிகள் விவரம், மருந்துச் சீட்டு, குரல் பதிவுகள் என்று ஒவ்வொன்றாக டேப்பில் ஏறும். முடிந்ததும் திரையில் கடைசி வரி வரும்: முடிந்தது, பிழைகள் 0. அதைத் தாளில் அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தால் அன்றைய வேலை முடிந்தது. ஏழு வருடத்துத் தாள்கள் பதினான்கு கோப்புகளாகப் பருத்து நின்றன. எல்லாவற்றிலும் பிழைகள் 0.

அந்தப் பூஜ்யத்தின் மேல் அவளுக்கு ஒரு பிரியம் இருந்தது. அவள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் அவள்தான். சின்ன வயதில் தபாலில் எது வந்தாலும் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரிந்தவர் யாராவது தெருவில் வருகிறாரா என்று வாசலில் நிற்பார். வருபவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கடிதம். "அச்சடிச்சு வந்திருக்குல்ல, சரியாத்தான் இருக்கும்" என்பார். பிறகு அவளே படிக்கக் கற்றுக்கொண்டாள். தெருவில் ஆள் தேடும் வேலை போயிற்று. அச்சடித்து வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நம்பிக்கை மட்டும் போகவில்லை.

அப்பா பேருந்து நிலையத்தில் ஆள் கூப்பிடுபவர். தனியார் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று, "உக்காந்து போலாம், உக்காந்து போலாம், ஏறு ஏறு!" என்று கத்திக் கத்திப் பஸ்ஸை நிரப்பி அனுப்புவது தொழில். பஸ் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. எந்த பம்பரில் எந்த நெளிவு, எந்தக் கண்ணாடியில் எந்தக் கீறல் என்று பார்த்தே ஐம்பது பஸ்களை அடையாளம் சொல்வார். அவர் "உக்காந்து போலாம்" என்று கூப்பிட்ட பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தவர் யாருமில்லை என்பது நிலையத்தில் பெரிய கேலி. "யோவ், எங்கய்யா இடம்?" என்று யாராவது சண்டைக்கு வந்தால், "போகப் போக எறங்குவாங்கண்ணே, நீங்க மனசுல உக்காந்துக்குங்க" என்பார். நான்காவது நடைமேடையில் அவர் எழுப்பும் சத்தம் மூன்று தெரு தள்ளியிருந்த வீட்டுக்குக் கேட்கும். அவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. அப்பாவின் ஏழேகால் பஸ் குரல் கேட்டால் பையைத் தூக்குவாள்.

அந்தக் குரல் கம்மத் தொடங்கியபோது சளி என்றார்கள். பிறகு சளி இல்லை என்றார்கள். அவள் வேலை செய்த மருத்துவமனையிலேயே, இரண்டு வருடத்துக்கு முன், அவருடைய குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு சிறு துளை வைத்தார்கள். மூச்சு அதன் வழியாக.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. குரல் போகப்போகிறவர்களின் குரலைப் பதிவு செய்து வைப்பார்கள். செய்பவர் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள். நோயாளிகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆ, ஈ, ஊ என்று இழுப்பதால் அவருக்குப் பாட்டு டீச்சர் என்று பெயர். நோயாளி கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். 'காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்தேன். வெளியே நல்ல வெளிச்சம்' என்று தொடங்கும் ஒரு பத்தி. எல்லோருக்கும் அதே பத்தி.

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "படிக்கத் தெரியாது டீச்சர்" என்று சொல்ல அவளுக்குத்தான் வாய் வரவில்லை. மகள் வேலை செய்கிற இடம். பாட்டு டீச்சரே புரிந்துகொண்டு, "அதுக்கென்ன, வாய்க்கு வந்தத பேசுங்கண்ணே. நீ வெளிய நில்லும்மா, நீ இருந்தா அவர் கூச்சப்படுவார்" என்றார். அவள் நடைக்கூடத்தில் நின்றாள். கதவு தடிமன். உள்ளே நான்கு நிமிடம் அப்பா பேசினார். ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.

அந்தப் பதிவுக்கு எண் 298. சர்வரில் ஏறியது. அவள் அதைக் கேட்கவேயில்லை.

முதலில் கேட்க பயமாக இருந்தது. பிறகு வேலை. பிறகு, எங்கே போய்விடப் போகிறது, தினமும் நான்தானே நகல் எடுக்கிறேன் என்ற நினைப்பு. அப்பாவின் குரலை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிற மாதிரி ஒரு நிம்மதி. டேப் உறுமும்போதெல்லாம், 298 ஏறுகிறது என்று ஒருமுறை நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் அப்பா தட்ட ஆரம்பித்தார். எழுதிக் காட்டவும் வழியில்லாத மனுஷன். கட்டிலின் இரும்புக் காலில் ஒரு ஸ்பூனால் ஒரு தட்டு தட்டினால் அம்மாவுக்கு, இரண்டு தட்டினால் மகளுக்கு. மற்றதெல்லாம் கை, கண், புருவம். பாதி புரியும். புரியாதபோது அம்மா, "என்னங்க, தண்ணியா? ஃபேனா? போர்வையா? எதுன்னாலும் ஒண்ணுக்குத் தலையாட்டிடுங்க, எனக்கு அடுப்பு எரியுது" என்பாள். அவர் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு தட்டுக் கேட்டது. போனாள். அப்பா தன் கழுத்தைத் தொட்டார். அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தொட்டார். பிறகு தன் காதைத் தொட்டார்.

அம்மாதான் சொன்னாள். "ரெண்டு நாளா இதையேதான் காட்டுறார்டி. உங்க ஆஸ்பத்திரியில புடிச்சு வச்சாங்களே அவர் கொரலு, அத ஒரு தடவ கேக்கணுமாம். எனக்கும் கேக்கணும் போலத்தான் இருக்கு. எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்தா, கத்துனது ஞாபகம் வருது, கொரலு ஞாபகம் வரல."

"வெள்ளிக்கிழமை ஃபோன்ல ஏத்திக் கொண்டாறேன்பா" என்றாள். "அது என் கையிலதான் இருக்கு."

அப்பா புருவத்தை உயர்த்தினார். நிஜமாகவா என்று அர்த்தம்.

"நிஜமாத்தான். ஒண்ணுக்கு நூறா நகல் இருக்கு."

வியாழக்கிழமை காலை பத்தரைக்குப் பாட்டு டீச்சர் செருப்புகூடப் போடாமல் சர்வர் அறைக்கு வந்தார். "ஏம்மா, என் பசங்க யாரையும் காணோம்!" குரல் பதிவுகளை அவர் பசங்க என்றுதான் சொல்வார். திரையில் குரல்களின் பட்டியல் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. டேப்பக்கா சர்வரின் பக்கவாட்டில் காதை வைத்தாள். குரல்கள் இருந்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக், டக், டக் என்று நகத்தால் தட்டுகிற சத்தம் வந்தது. நடுப்பகலுக்குள் அதுவும் நின்றுவிட்டது.

"டிஸ்க் போயிடுச்சு டீச்சர்."

"போயிடுச்சுன்னா?"

"செத்துடுச்சு. அதுக்கென்ன, வேற டிஸ்க் மாட்டி டேப்ல இருந்து எறக்கிடலாம். சாயங்காலத்துக்குள்ள உங்க பசங்க எல்லாரும் வந்துடுவாங்க. போய் செருப்பு போட்டுட்டு வாங்க."

டீச்சர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார். "நீ இருக்கியே, அது போதும்" என்றார். அந்த வார்த்தை பிறகு பல நாள் அவள் காதில் கிடந்து அறுத்தது.

புது டிஸ்க்கை மாட்டிவிட்டு, முந்தின நாள் டேப்பை டிரைவில் வைத்தாள். ஆரஞ்சு விளக்கு கண்சிமிட்டியது. படிக்க முடியவில்லை என்றது திரை. அவள் பதறவில்லை; டேப் டிரைவ் ஒரு கிழவர் மாதிரி, எழுப்பினால் முதலில் இருமும். வெளியே எடுத்து, துடைக்கும் டேப்பைப் போட்டாள். டேப்பைப் படிக்கும் முனையில் ஒட்டிய தூசியை வழிக்கும் டேப் அது. அதன் மேல் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். ஐம்பது கோடு தாண்டினால் அதைத் தூக்கி எறிய வேண்டும். எண்பது கோடு இருந்தது. புதிதாக ஒன்றைப் பிரித்தாள். இரண்டு முறை துடைத்தாள். கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். மூன்றாவது தடவை விளக்கு பச்சையானது.

இறக்குவதற்கு முன் டேப்பில் என்ன இருக்கிறதென்று பட்டியல் கேட்டாள். நோயாளிகள் விவரம் ஆயிரக்கணக்கான வரிகளாக ஓடியது. மருந்துச் சீட்டு ஓடியது. குரல்கள் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி வந்தது. வந்து, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அவள் பட்டியலை மறுபடி ஓடவிட்டாள். அதே ஒரு வரி. குரல்கள் என்ற பெயர், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அம்பின் நுனியில் செத்துப்போன டிஸ்க்கின் விலாசம்.

இந்த டேப்பில்தான் ஏதோ கோளாறு என்று அதற்கும் முந்தின நாள் டேப்பைப் போட்டாள். அம்புக்குறி. போன வாரத்து டேப். அம்புக்குறி. போன மாதம், போன வருடக் கடைசி. அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் போட, தரையெல்லாம் டேப் உறைகள். எல்லாவற்றிலும் அதே ஒற்றை வரி, மிகச் சுத்தமாக, ஒரு பிழையும் இல்லாமல்.

நான்காவது டேப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றவற்றைப் போட்டுப் பார்த்தது கை சும்மா இருக்க முடியாததால்.

நான்கு வருடத்துக்கு முன் பழைய டிஸ்க் நிரம்பி வழிந்தது. குரல்களை மட்டும் புது டிஸ்க்குக்கு மாற்றினாள். மாற்றினால், குரல்களைப் பழைய இடத்தில் தேடும் நிரல்களையெல்லாம் திருத்த வேண்டும். அதற்கு யூனிக்ஸில் ஒரு சுலபமான வழி உண்டு. பழைய இடத்தில் ஓர் அம்புக்குறியை விட்டுவிட வேண்டும்: தேடுவது இப்போது அங்கே இருக்கிறது என்று. தேடி வருகிற நிரல் அந்த அம்பைப் பிடித்துக்கொண்டு போய்விடும். இடம் மாறியதே அதற்குத் தெரியாது. புத்தகத்தைப் பார்த்து அவளே செய்தாள். யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் டேப்பில் நகல் எடுக்கும் கட்டளை வேறு ஜாதி. அது அம்பைப் பிடித்துக்கொண்டு எங்கேயும் போகாது. அம்பை அம்பாகவே நகல் எடுக்கும். அதற்குச் சொன்னது அவ்வளவுதான்.

குரல்களை மாற்றிய அந்த வாரம், ஐம்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்த டேப் முப்பது நிமிடத்தில் முடிந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் நிர்வாகி, "நம்ம டேப்பக்கா வேலைய இருபது நிமிஷம் கொறச்சிருக்காங்க, கத்துக்குங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். குரல்கள் கூடிக்கொண்டே போகும்போது நேரம் எப்படிக் குறையும் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

சர்வரைப் பழுது பார்க்க வரும் சர்வீஸ்காரருக்கு ஃபோன் போட்டாள். நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. அதுவே கெட்ட சகுனம். வாய் ஓயாத ஆள் அவர்.

"மேடம், டேப் மேல தப்பில்ல. என்ன செய்யச் சொன்னீங்களோ அதைச் செஞ்சிருக்கு."

"பிழை பூஜ்யம்னு வருதே சார், தினமும்."

"பிழை இல்லையே! அம்பு ஒழுங்கா ஏறிடுச்சுன்னு சொல்லுது. ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஏழு வருஷத்துல, ஒரு தடவயாச்சும், சும்மா ஒரே ஒரு ஃபைல, டேப்ல இருந்து திருப்பி எறக்கிப் பாத்தீங்களா?"

அவள் அலமாரியில் நின்ற பதினான்கு கோப்புகளைப் பார்த்தாள்.

"அலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"யாரும் பாக்குறதில்ல மேடம். நான் போற எடத்துல பத்துக்கு எட்டு இப்படித்தான். வெளிய சொல்ல மாட்டாங்க." ஆறுதலுக்குச் சொன்னார். ஆறுதலாக இல்லை. "செத்த டிஸ்க்க அனுப்புங்க, பிரிச்சுப் பாக்குற ஆளுங்க இருக்காங்க. அதுக்குள்ள, குரல மாத்துறதுக்கு முன்னாடி எடுத்த டேப் ஏதாவது கெடக்குதான்னு பாருங்க."

டிஸ்க்கைப் பஞ்சில் சுற்றி அனுப்பினாள். அலமாரியின் கீழ்த்தட்டில், மாற்றத்துக்கு முந்தின வருடக் கடைசி டேப் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மற்ற டேப்புகளை, வருடங்களுக்கு முன் இடமில்லையென்று அழித்து மறுபடி பயன்படுத்தியிருந்தாள். ஆக, கைவசம் ஒன்றே ஒன்று. அதை டிரைவில் வைத்தாள். படிக்க முடியவில்லை என்றது. துடைத்தாள். படிக்க முடியவில்லை. மறுபடி ஃபோன்.

"அப்ப இருந்தது வேற டிரைவ்தானே மேடம்? அது சின்னச் சின்ன மூட்டையா கட்டிப் போட்டிருக்கும். இது பெரிய மூட்டை வரும்னு கைய அகலமா விரிச்சுட்டு நிக்குது. மூட்டை அளவ பூஜ்யம்னு வையுங்க. வர்றது எந்த அளவா இருந்தாலும் வாங்கிக்கன்னு அர்த்தம்."

பூஜ்யம் என்று வைத்தாள். இன்னொரு பூஜ்யம். டிரைவ் ஒரு தடவை பின்னோக்கிச் சுற்றி, தயங்கி, ஓடத் தொடங்கியது. குரல்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரி வரியாக இறங்கின. பாட்டு டீச்சர் பின்னால் நின்று வாய்விட்டு எண்ணினார். நூறு தாண்டியது. நூற்றைம்பது. டேப்பக்காவும் எண்ணினாள், வேறு கணக்கு. இந்த டேப் எடுத்து நான்கரை வருடம். அப்பா பேசி இரண்டு வருடம். எந்த டிரைவாலும், எந்த மூட்டை அளவாலும் இதில் அப்பா வர முடியாது. தெரிந்தும், இருநூறு தாண்டியபோது கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. நடந்தாலும் நடக்கலாம் என்று உடம்பு நம்பிக்கொண்டே இருந்தது.

204-இல் நின்றது.

மொத்தம் 374. மீதி நூற்றெழுபது பேர் அந்தப் பஞ்சுப் பொட்டலத்தில் போயிருந்தார்கள்.

வந்தவை நல்லபடியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்க, அவளும் டீச்சரும் ஒவ்வொன்றின் முதல் பத்து விநாடியைக் கேட்டார்கள். இந்தத் தடவை அச்சடித்த வரியை நம்ப அவள் தயாராக இல்லை. இருநூற்று நான்கு பேர் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவர் கரகரத்து, ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டு, ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு. நூறாவது ஜன்னலுக்கு மேல் அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. இந்த இருநூற்று நான்கையும் எடுத்துக்கொண்டு அந்த ஒன்றைக் கொடுக்கிறாயா என்று யாராவது கேட்டால், கொடு என்றிருப்பாள். யாரும் கேட்கவில்லை. அப்படி எண்ணியதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு அடுத்ததைப் போட்டாள்.

டிஸ்க்கைப் பிரித்தவர்களிடமிருந்து பதினோராம் நாள் பதில் வந்தது. உள்ளே தகவல் பதியும் தட்டின் மேல்பூச்சு முழுக்கச் சுரண்டப்பட்டுவிட்டது, எதுவும் மிச்சமில்லை. அதுவரை வீட்டில், "வேற டிஸ்க் வரணும்மா" என்று நாள் கடத்தியிருந்தாள். அப்பா ஒவ்வொரு மாலையும் அவள் கைபேசியைப் பார்ப்பார். பிறகு சுவரைப் பார்ப்பார்.

நூற்றெழுபது குடும்பங்களுக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்றார் நிர்வாகி. டேப்பக்காவைத் திட்டவில்லை. கை தட்ட வைத்தது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். டீச்சர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்து ஃபோன் செய்தார்கள். நோயாளிகள் எல்லோரும் பேச முடியாதவர்கள்; எடுத்தது மனைவி, மகன், தங்கை. "இருங்க, அவர்கிட்ட சொல்றேன்" என்பார்கள். பிறகு மறுமுனையில் யாரோ யாருக்கோ சொல்லும் சத்தம், அதற்குப் பிறகு சத்தமின்மை. "சரிங்க, தலையாட்டுறார்" என்பார்கள். ஒரு பெண்மணி மட்டும், "உங்க வீட்டுக் கொரலா இருந்தா இப்படி அசட்டையா இருப்பீங்களா?" என்று கேட்டார். டேப்பக்கா, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றாள். வேறு எதையும் சொல்ல அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

கடைசி எண்ணை அடித்து முடித்த பிறகு கேட்டாள். "டீச்சர், எங்கப்பா அன்னைக்கு உள்ள என்ன பேசினார்?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "முன்னூத்தி எழுபத்தி நாலு பேரும்மா. என் மண்ட ஒரு ஓட்ட டப்பா." பிறகு, "ஒண்ணு ஞாபகம் இருக்கு. கடைசில பஸ் கூப்பிட்டுக் காட்டினார். மீட்டர் முள்ளு கோடிக்குப் போயிடுச்சு. பக்கத்து ரூம் நர்ஸ் ஓடிவந்து என்ன டீச்சர் ஆச்சுன்னு கேட்டா. உக்காந்து போலாம்னு என்னமோ."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி உன்னப் பத்திதான் ஏதோ சொன்னார். நீ..." டீச்சரின் வாய் அப்படியே நின்றது. "வரலம்மா. பொய் சொல்லி நெரப்ப மனசு வரல."

நிரப்பியிருக்கலாமே என்று நினைத்தாள். நிரப்பியிருந்தால் நம்பியிருப்பாள். நம்புவதுதான் அவளுக்குக் கைவந்த கலை ஆயிற்றே.

அன்று மாலை வீட்டில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். எதைச் சொன்னால் புரியும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அப்பா, நாம பழைய வீட்டக் காலி பண்ணினப்ப, கதவுல அட்ட ஒட்டிட்டு வந்தோமே, ஞாபகம் இருக்கா?"

தலையாட்டினார். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. புது விலாசத்தை அட்டையில் பெரிய எழுத்தில் அவள்தான் எழுதினாள். அப்பா அதை நேராக ஒட்டியிருக்கிறதா என்று தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "எம்பொண்ணு எழுதினது" என்றார்.

"அதே மாதிரி உங்க குரல வேற எடத்துக்கு மாத்தி, பழைய எடத்துல ஒரு அட்ட ஒட்டி வச்சேன். டேப்பு தெனமும் வந்து பாத்திருக்கு. வீட்ட விட்டுட்டு அட்டைய மட்டும் படம் புடிச்சுட்டுப் போயிருக்கு. நான் அத போய்ப் பாக்கவே இல்லப்பா. இப்ப அந்த வீடு இடிஞ்சிடுச்சு."

நிர்வாகிக்கு இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்பாவுக்கு ஒரு நொடி. அவர் கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டார், அட்டை. பிறகு உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்தார். காலியா?

"காலிப்பா. மத்தவங்க இருநூறு பேரு கெடச்சாங்க. நீங்க கெடைக்கல."

அப்பாவின் தோள் குலுங்கியது. கழுத்துத் துளையிலிருந்து காற்று விசில் மாதிரி வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. குரல் இருந்தால் தெரிந்திருக்கும். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவருகே நின்ற அம்மா, "ஒண்ணுக்கு நூறா இருக்குன்னியேடி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று நாள் கட்டில் கால் தட்டப்படவில்லை. அம்மாவுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. தாகமென்றால் அவரே எழுந்து போய்க் குடித்தார். அலுவலகத்தில் அவள் கட்டளையைத் திருத்தினாள். இப்போது அது அம்பைப் பிடித்துக்கொண்டு போகிறது. டேப் நாற்பத்திரண்டு நிமிடம் ஓடுகிறது. ஓடி முடிந்ததும் அன்றைய டேப்பிலிருந்து ஏதாவது ஒரு குரலை இறக்கிக் காது கொடுத்துக் கேட்கிறாள். யாரோ ஒருவர் ஜன்னலைத் திறக்கிறார். அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். இனிமேல் எல்லாம் சரியாக இருக்கும். அதை நினைக்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

நான்காம் நாள் மாலை, அவள் செருப்பைக் கழற்றும்போது இரண்டு தட்டு.

போனாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஸ்பூனால் கட்டில் காலைத் தட்டினார், ஆனால் கூப்பிடும் தட்டு இல்லை. ஐந்து தட்டு, ஓர் இடைவெளி, ஐந்து தட்டு, பிறகு வேகமாக இரண்டு, இரண்டு. தட்டிவிட்டு அவள் வாயைக் காட்டினார்.

அவளுக்குப் புரிய மூன்று தடவை ஆயிற்று. பிறகு மெதுவாக, "உக்காந்து போலாம், உக்காந்து போலாம், ஏறு ஏறு" என்றாள்.

அப்பா தலையை இடம் வலமாக ஆட்டினார். இல்லை. கையை உயர்த்தினார். சத்தமாக.

சத்தமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். இல்லை. அப்பா மறுபடி தட்டினார், இரண்டாவது 'போலாம்' வரும் இடத்தில் ஸ்பூனை இரும்பில் இழுத்து. அங்கே ஓர் இழுப்பு உண்டு என்பது அவளுக்கும் தெரியும். எத்தனை காலை அதைக் கேட்டுப் பையைத் தூக்கியிருக்கிறாள். எந்தச் சுதியில் இழுப்பார், எங்கே விடுவார் என்றுதான் நினைவில்லை.

"வரலப்பா."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஸ்பூனைத் தூக்கினார். ஐந்து தட்டு, ஓர் இடைவெளி. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தப்பென்று தெரிந்தே, மறுபடி தொடங்கினாள்.